மௌனமாயிருக்க வேண்டிய ஜவ்வு

ஐரோலியிலிருந்து ஓர் அன்னை எழுதியிருக்கிறார். கபடி ஆடுகையில் பாதம் மண்ணில் ஊன்றியிருக்க உடல் மட்டும் திரும்பியதால், 'பட்' என்ற சப்தத்துடன் முழங்கால் மடங்கி, அன்று மாலைக்குள்ளேயே வீங்கிப் பருத்துவிட்ட தம் குமாரனுக்கு எக்ஸ்ரே எடுத்ததில் 'ஒன்றுமில்லை' என்று வந்ததாகவும், பிறகு பாலத்தைக் கடந்து முலுண்டுக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் 'ஜவ்வு கிழிந்திருக்கிறது' என்று வந்ததாகவும் கூறி, இரண்டில் எதை நம்புவது என்று கேட்கிறார்.

இரண்டையும் நம்பலாம். எக்ஸ்ரே எலும்புக்கே சாட்சி. ஜவ்வைப் பற்றி அதனிடம் கேட்பது முறையல்ல. ஆனால் எம்.ஆர்.ஐ.யும் கிழிசலை நேரே காண்பதில்லை என்பதுதான் என்னை இன்றளவும் பரவசப்படுத்தும் சங்கதி. பம்பாயில் நம்மைச் சூழ்ந்துள்ள பூமியின் காந்தத்தைவிட 30,000 மடங்குக்கு மேல் வலிய 1.5 டெஸ்லா காந்தத்தினுள், நம் தேகத்து நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் வினாடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 லட்சம் முறை தலையாட்டிச் சுழல்கின்றன. ஒரு வானொலித் துடிப்பு அவற்றை ஒரே தாளத்துக்குக் கொண்டுவர, அந்தத் தாளத்தின் எதிரொலியையே இயந்திரம் கேட்கிறது.

மாடுங்காவில் பஜனை கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாகவதர் தொடங்கிவைத்ததும் அத்தனை ஜால்ராக்களும் ஒன்றாக ஒலிக்கின்றன. விசாலமான கூடத்தில் தாராளமாக உட்கார்ந்திருப்பவர்கள் அவர் நிறுத்திய பின்னும் வெகுநேரம் தாளம் பிசகாமல் தட்டிக்கொண்டிருக்க, தூணோரம் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்களோ, பக்கத்தவர் முழங்கை இடித்து இடித்து, கணத்தில் ஆளுக்கொரு தாளமாகச் சிதறிவிடுகிறார்கள். சிதறிய ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், சற்றுத் தாமதித்துச் செவிகொடுப்பவனுக்கு அந்தத் தூணோரம் நிசப்தமாகவே இருக்கும். மூட்டினுள் ஊறும் நீர் அந்த விசாலமான கூடம். கொல்லாஜன் என்னும் புரத நார்களின் இறுக்கமான பிடியில் அகப்பட்ட ஜவ்வின் நீரே தூணோரக் கூட்டம். ஆகவே நல்ல ஜவ்வு படத்தில் கருத்து மௌனமாயிருக்கிறது. கிழிந்த இடத்திலோ நீர் புகுந்து, கருமையின் நடுவே வெள்ளைக் கீற்றாகத் தாளம் போடுகிறது.

உவமையை இன்னும் ஒரு படி இழுக்கத் துணிகிறேன். நெருக்கத்தில் இருப்பவர்களும் ஒரு குறிப்பிட்ட சாய்வில் உட்கார்ந்தால் முழங்கை இடிக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜவ்வின் நார்கள் காந்தத்தின் திசைக்கு ஏறத்தாழ 55 பாகை சாய்ந்து கிடக்கும் இடத்தில் அதுவே நிகழ்கிறது. அண்டை அணுக்களின் இடையூறு அடங்கி, பழுதே இல்லாத நார் வெளுத்து, அநுபவமற்ற கண்ணுக்குச் சேதமாகத் தோன்றிவிடுகிறது.

இக்கருவிக்கு அடிகோலிய லாட்டர்பரும் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் நோபல் பரிசு பெற்றது பலரும் அறிந்ததே. ஜவ்வின் கொல்லாஜன் நார்கள் மூன்று இழை முறுக்கிய கயிறு என்ற வடிவத்தை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டு சொன்னது அவ்வளவாக நினைக்கப்படவில்லை.

'ஸ்கேனில் எல்லாம் தெரியும்' என்னும் விளம்பரங்களை நான் ஏற்பதில்லை. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாமில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரின் முழங்காலைப் படமெடுத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டின் பிறைவடிவக் குருத்தெலும்பு கிழிந்திருந்தவர்களுள் நூற்றுக்கு 61 பேருக்கு முந்தைய மாதத்தில் வலியோ பிடிப்போ சிறிதும் இருந்ததில்லை. அவர்களுக்கெல்லாம் படத்தை மட்டும் நம்பிக் கத்தி வைத்திருந்தால் என்ன நியாயம்?

அந்தப் பிள்ளையின் கதையோ படத்துக்கு முன்பே பாதி சொல்லப்பட்டுவிட்டது: திரும்பிய உடல், கேட்ட சப்தம், சில மணி நேரத்தில் வீக்கம். மீதியைக் கை சொல்லும். லாக்மன் சோதனையில் முழங்காலை 20 முதல் 30 பாகை வரை மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னுக்கு இழுக்கும்போது, ஏ.சி.எல். என்று சுருக்கிச் சொல்லப்படும் முன்புறக் குறுக்கு ஜவ்வு நன்றாக இருந்தால், முளையில் கட்டிய மாடு கயிறு எட்டியதும் நிற்பதுபோல் எலும்பு சட்டென்று நின்றுவிடும். அறுந்திருந்தால் அந்தத் தடையின்றி மெத்தென்று முன்னே வரும். மருத்துவர் அதை இரு கால்களிலும் செய்து ஒப்பிட்டாரா என்று அந்த அன்னை கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்; வீங்கிய முதல் நாளில் வலியால் தசை இறுகிக் கையும் ஏமாறக்கூடுமாதலால், சில நாட்கள் கழித்து மறுபடி செய்து பார்க்கச் சொல்வது உசிதம்.