மடிக்கணினிக்கு ஏற்ற ரேம்

மடிக்கணினியின் செயலி அந்தந்தக் கணத்தில் கையாளும் தரவுகளையும் கட்டளைகளையும் தற்காலிகமாக வைத்திருக்கும் இடமே ரேம் எனப்படும் நினைவகம். 0 அல்லது 1 என்னும் மிகச் சிறிய தரவு அலகாகிய பிட் ஒவ்வொன்றும், ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் இணைந்த நுண்ணறையில் மின்னூட்டமாகச் சேமிக்கப்படுகிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் வகுத்து, 1968இல் காப்புரிமை பெற்ற இந்த எளிய அமைப்பே இன்றைய ரேம் சில்லுகளுக்கும் அடிப்படை. மின்தேக்கி ஓட்டைக் குடம் போன்றது. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், ரேமின் டிடிஆர்4 தலைமுறை வரையிலான வகைகளில் வழக்கமாக 64 மில்லிநொடிக்கு ஒருமுறை எல்லா அறைகளும் புதுப்பிக்கப்படுகின்றன; மின்சாரம் நின்றதும் அனைத்தும் அழிந்துவிடுகின்றன.

ரேம் போதாதபோது, இயங்குதளம் அதிலுள்ள தரவில் ஒரு பகுதியைச் சேமிப்பு வட்டுக்கு மாற்றி, தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கொள்கிறது. ரேம் நானோநொடிகளில் தரும் தரவை எஸ்எஸ்டி மைக்ரோநொடிகளிலும், சுழலும் ஹார்டு டிஸ்க் மில்லிநொடிகளிலும் தருவதால், இந்தப் போக்குவரத்து பெருகும்போது கணினி தள்ளாடுகிறது. ஆகவே ரேமைக் கூட்டுவது பற்றாக்குறையைத் தீர்க்குமேயன்றி, ஏற்கெனவே போதிய ரேம் உள்ள கணினியைப் பெரிதாக விரைவுபடுத்திவிடாது. வழக்கமான வேலைகளைத் திறந்துவைத்து, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பயன்பாட்டைப் பார்த்தாலே தேவை உண்டா என்பது தெரிந்துவிடும். பயன்பாடு பாதியளவிலேயே நிற்கும் பழைய மடிக்கணினியில் ஹார்டு டிஸ்க் இருக்குமானால், அந்தப் பணத்துக்கு எஸ்எஸ்டி வாங்குவதே அறிவுடைமை.

தேவை உறுதியான பின்னர், எதை வாங்கலாம் என்பதை முடிவு செய்வது வாங்குபவரைவிட மதர்போர்டுதான். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் எல்பிடிடிஆர் என்னும் குறைமின் வகைச் சில்லுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், அவற்றில் ரேமைக் கூட்டப் பொதுவாக வழியில்லை. கழற்றி மாற்றத்தக்க ரேம், எஸ்ஓ-டிம் எனப்படும் குறும்பலகை வடிவில் ஸ்லாட்டில் பொருந்தியிருக்கும். டிடிஆர்3 பலகைக்கு 204, டிடிஆர்4 பலகைக்கு 260, டிடிஆர்5 பலகைக்கு 262 என இணைப்பு முனைகளின் எண்ணிக்கை மாறுவதோடு, பலகையின் விளிம்பிலுள்ள வெட்டும் இடம் மாறியிருப்பதால், ஒரு தலைமுறையின் பலகை மற்றொன்றின் ஸ்லாட்டில் நுழையாது. வெட்டு காப்பாற்றாத ஒரு சிக்கலும் உண்டு: 1.5 வோல்ட் டிடிஆர்3 பலகையும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் பலகையும் ஒரே வடிவினவாதலால், பின்னதை மட்டுமே ஏற்கும் மடிக்கணினியில் முன்னதைச் செருகினால் அது பொருந்திவிடும், ஆனால் கணினி இயங்காமல் போகலாம்.

விளம்பரங்கள் உரக்கச் சொல்லும் வேகத்துக்கு மூன்றாம் இடம் கொடுத்தாலே போதும். டிடிஆர் என்பது, கடிகாரத் துடிப்பு ஒவ்வொன்றின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் தரவை அனுப்பும் முறையைக் குறிப்பதால், டிடிஆர்4-3200 என்பதன் உண்மைக் கடிகார வேகம் 1600 மெகாஹெர்ட்ஸ்தான். கேட்ட தரவு வெளிவரத் தொடங்குமுன் கழியும் துடிப்புகளின் எண்ணிக்கையைச் சிஎல் என்னும் குறியீடு காட்டுகிறது. சிஎல்22 கொண்ட அப்பலகையில் காத்திருப்பு 13.75 நானோநொடி; டிடிஆர்5-4800இல் சிஎல்40 எனில் ஏறத்தாழ 16.7 நானோநொடி. புதிய தலைமுறை ஒரே நேரத்தில் மிகுதியான தரவை அனுப்புகிறதே தவிர, முதல் துளியை முந்தித் தருவதில்லை. மேலும், வெவ்வேறு வேகமுள்ள இரு பலகைகளைச் சேர்த்தால், பொதுவாக இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே இயங்கும்.

வேகத்துக்கு முந்திய இரண்டாம் இடம் இணைக்கு உரியது. இரு ஸ்லாட்டுகளிலும் பலகை இருந்தால், செயலி ரேமுக்கான இரு தடங்களிலும் ஒருசேரத் தரவைப் பெறுகிறது. ஒரு டிடிஆர்4-3200 பலகை நொடிக்கு 25.6 ஜிபி வரை தரக்கூடுமெனில், இரண்டு சேர்ந்து அதன் இருமடங்கைத் தரவல்லவை. தனி வரைகலை அட்டை இல்லாத மடிக்கணினிகளில் திரைக்காட்சியும் இதே ரேமையே பயன்படுத்துவதால், ஒற்றை 16 ஜிபி பலகையைவிட இரண்டு 8 ஜிபி பலகைகள் அங்கு மேலானவை. ஆயினும் முதலிடம் அளவுக்கே. இணை அமையவில்லையே என்று தேவையான அளவைக் குறைத்துக்கொள்வது பிழை. 8 ஜிபியுடன் 4 ஜிபியைச் சேர்த்தாலும், பல கணினிகள் பலகைக்கு 4 ஜிபி வீதம் 8 ஜிபி அளவுக்கு இரு தடங்களையும் பயன்படுத்திக்கொண்டு எஞ்சியதை ஒற்றைத் தடத்தில் இயக்கும். மதர்போர்டு ஏற்கும் உச்ச அளவு அம்மாடலின் கையேட்டில் இருக்கும்.

பலகையைப் பொருத்துமுன் கணினியை அணைத்து, பேட்டரி இணைப்பைத் துண்டித்து, உடலில் தேங்கிய நிலைமின்னேற்றம் நீங்க ஓர் உலோகப் பரப்பைத் தொட்டுவிட்டு, பலகையைச் சாய்வாகச் செருகிப் பக்கக் கவ்விகள் பிடிக்கும்வரை அழுத்த வேண்டும். டிடிஆர்5 பலகையை மாற்றியபின் முதன்முறை இயக்கும்போது, சமிக்ஞைகளின் நேரத்தைக் கணினி சீர்செய்துகொள்வதால், திரை சில நிமிடங்கள்கூட இருண்டிருக்கக்கூடும். பலகை பழுதென்று எண்ணி இடையில் அணைத்துவிடாமல் காத்திருந்தால், அடுத்த முறை முதல் கணினி வழக்கம்போல் தொடங்கும்.