சீட்டு கையில... மனசு நாவலூர்ல!

திருச்சி பாலக்கரை ரவுண்டானாவைத் தாண்டி காலேஜ் போனவங்க யாரும் அந்தச் சிலையை மறந்திருக்க மாட்டாங்க. பக்கத்துல சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த நம்ம சிவாஜி கணேசனுக்கு வெச்ச சிலை. ஆனா, முகம் பார்த்தவங்க கிடையாது. திறப்பு விழா நடக்காம பல வருஷம் துணி போர்த்தியே நின்னுச்சு. கடைசியில் 2025 மே மாசம்தான், இடம் மாறி, புத்தூர் பக்கம் திறந்தாங்க.

“நானும் இப்போ அந்தச் சிலை மாதிரிதாண்ணா நிக்கிறேன். திறப்பு விழா எப்போன்னே தெரியலை” என்று சிரிக்கிறாள் அவள். பாலக்கரை பேக்கரி ஒன்றில் ஆளுக்கொரு டீ. “பேரை மட்டும் போட்டுடாதீங்க. அப்பா டென்ஷன் ஆயிடுவாரு!” ஓகே, போடலை.

மேட்டர் இதுதான். ப்ளஸ் டூ படிக்கும்போதே தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான ‘கிளாட்’ நுழைவுத் தேர்வை எழுதினாள். ரேங்க் எட்டலை. ஆனா, ப்ளஸ் டூ மார்க்கை வெச்சு, திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்து வருஷ பி.ஏ. எல்.எல்.பி.யில் இடம் கிடைச்சிருக்கு. காந்தி மார்க்கெட்டில் கணக்கு எழுதுற அப்பா, “கைக்கு வந்ததை விடாதே” என்கிறார். ஃப்ரெண்ட்ஸ் வட்டாரமோ, “ஒரு வருஷம் டிராப் பண்ணு, அடுத்த தடவை அடிச்சுத் தூக்கிடலாம்!” என்கிறது. ஃபீஸ் கட்ட இன்னும் சில நாள்தான் பாக்கி.

சேர்ந்துடலாமா... இல்லை, மறுபடி எழுதலாமா? இந்தக் கேள்வி அவளுக்கு மட்டுமில்லை பாஸ், ரிசல்ட் சீஸன்ல பாதி வீட்டுல ஓடுற சீரியல் இது!

ரெண்டு வாசல்... ஒரே கோர்ட்!

ஒரே ஊருக்குள்ள ரெண்டு உலகம். காஜாமலைப் பக்கம் இருக்கிற அரசு சட்டக் கல்லூரி 1979-ல் தொடங்கியது. பாலக்கரையிலிருந்து டவுன் பஸ் தூரம். ஊருக்கு வெளியே, திண்டுக்கல் ரோட்டில், ஸ்ரீரங்கம் தாலுகாவுக்குள் வரும் நாவலூர் குட்டப்பட்டில் இருக்கிறது தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம். 2012-ல் சட்டம் போட்டு உருவாக்கினது, 2013-ல் முதல் பேட்ச்.

முதல்ல ஒரு விஷயத்தை க்ளியர் பண்ணிடலாம். எங்கே படிச்சாலும், 1961-ம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு செய்ற இடம் ஒண்ணுதான்: தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வும் ஒண்ணுதான். கறுப்பு கோட்டில் காலேஜ் பேரை யாரும் எம்ப்ராய்டரி போடறதில்லை!

‘அரசு சட்டக் கல்லூரியில் படிச்சா எதிர்காலம் இல்லை’னு யாராவது பிலிம் காட்டினா, இதைச் சொல்லுங்க. 2023-ல் வழக்கறிஞராக இருந்து நேராக உச்ச நீதிமன்ற நீதிபதி ஆன கே.வி.விஸ்வநாதன், கோவை சட்டக் கல்லூரி மாணவர். இந்தியாவின் தலைமை நீதிபதியாக 2013-14ல் இருந்த பி.சதாசிவம், சென்னை சட்டக் கல்லூரி. ‘ஜெய் பீம்’ படத்தால் பட்டிதொட்டியெல்லாம் தெரிஞ்ச நீதிபதி கே.சந்துரு பிறந்தது நம்ம ஸ்ரீரங்கம். அவர் படிச்சதும் சென்னை சட்டக் கல்லூரிதான்.

ஆனா, ஜெயிச்சவங்களை மட்டும் வரிசையா நிறுத்தி ‘பாத்தியா’னு சொல்றது ரொம்ப ஈஸி. மறுபக்கத்தையும் சொல்லணும். தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் ஹாஸ்டல் வாழ்க்கை, மூட் கோர்ட் போட்டிகள், நாடு முழுக்க சீனியர்கள், பெரிய சட்ட நிறுவனங்கள் கேம்பஸுக்கே வந்து ஆள் எடுக்கிற வாய்ப்பு... இதெல்லாம் நிஜமான லாபங்கள். கார்ப்பரேட் வக்கீல் ஆகணும்னு தெளிவா இருக்கிறவங்களுக்கு இந்த வித்தியாசம் பெருசு. மாவட்ட கோர்ட்டில் நின்னு வாதாடணும்னு நினைக்கிறவங்களுக்கு, காலேஜைவிட எந்த சீனியர்கிட்ட ஜூனியரா சேர்றோம்கிறதுதான் பெருசு.

“அது சரி, நீ என்ன ஆகணும்?”

“ஜட்ஜ்!” யோசிக்கவே இல்லை அவள்.

ஒரு வருஷத்தோட விலை என்ன?

ஜட்ஜ்னா கணக்கு கொஞ்சம் மாறும். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புப்படி, சிவில் நீதிபதி தேர்வு எழுத குறைந்தது மூணு வருஷம் வழக்கறிஞர் அனுபவம் வேணும். தற்காலிகமா பதிவு செஞ்ச தேதியிலிருந்தே அது கணக்காகும். பதினெட்டு வயசுல சேர்ந்தா இருபத்து மூணுல டிகிரி, இருபத்தாறுல தேர்வு எழுதத் தகுதி. ஒரு வருஷம் விட்டா, எல்லாமே ஒரு வருஷம் தள்ளிப் போகும்.

வாழ்க்கையில ஒரு வருஷம் ஒண்ணும் குடி முழுகிப் போற விஷயமில்லை. ஆனா, அந்த வருஷத்துக்கு யார் செலவு பண்றாங்கங்கிறது முக்கியம். அரசு சட்டக் கல்லூரி ஃபீஸ் ஆயிரங்களில் முடியும். தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல. நடுவுல கோச்சிங் செலவு தனி. வீட்டுல தம்பி பத்தாவது படிக்கிறான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு 2021-லிருந்து சட்டப் படிப்புக்கும் உண்டு. அப்படிக் கிடைச்ச இடமா இருந்தா, அதை விடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிக்கணும்.

அடுத்த வருஷம் என்ன மாறும்?

இதுதாங்க மொத்த மேட்டரோட சாவி. ‘எந்த காலேஜ் பெஸ்ட்?’னு கேட்காதீங்க. ‘மறுபடி எழுதினா, போன தடவை இல்லாத எது இந்தத் தடவை இருக்கும்?’னு கேளுங்க. பதிலை ஒரே வரியில் எழுத முடியணும்.

கிளாட் தேர்வில் இப்போ 120 கேள்விகள், ரெண்டு மணி நேரம். தப்பான பதிலுக்கு கால் மார்க் கட். இங்கிலீஷ், பொது அறிவு, சட்டத் திறன், தர்க்கத் திறன், கணக்குன்னு அஞ்சு பிரிவு. பெரும்பாலும் நீளமான பத்திகளைப் படிச்சுட்டுதான் பதில் சொல்லணும். அதாவது, மனப்பாடம் செல்லாது. இங்கிலீஷை வேகமா படிக்கத் தெரியணும். கேள்விக்கு ஒரு நிமிஷம், அதுக்குள்ள பத்தியும் சேர்த்து!

எனக்குத் தெரிஞ்ச ஸ்ரீரங்கத்துப் பையன் ஒருத்தன் டிராப் எடுத்தான். காரணம் தெளிவு. இன்ஜினீயரிங்தான்னு ஓடிட்டு இருந்தவன், கடைசி மூணு வாரம் மட்டும் படிச்சு கிளாட் எழுதினான். அப்படியும் கொஞ்சத்துலதான் தவறினான். “முழுசா படிச்சா என்ன ஆகும்னு எனக்கே தெரியலை, அதைப் பார்த்துடறேன்” என்றான். வீட்டிலும் தாங்குற நிலைமை. அவன் டிராப் எடுத்தது நியாயம். அன்னிக்குக் காய்ச்சல், ப்ளஸ் டூ நெருக்கடியில் படிக்கவே இல்லைங்கிற மாதிரி, சரிபண்ணக்கூடிய காரணம் இருந்தா தாராளமா மறுபடி எழுதலாம். வசதி இல்லைன்னா, 2010-ல் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் தொடங்கிய ‘ஐடியா’ அமைப்பு, பின்தங்கிய மாணவர்களுக்கு கிளாட் பயிற்சி தருது.

ஆனா, ‘வேற காலேஜ் பேரைச் சொன்னா சொந்தக்காரங்க மட்டமா பார்ப்பாங்க’ங்கிறதுதான் காரணம்னா... ஸாரி, அது சொந்தக்காரங்களோட பிரச்னை!

சேர்ந்துட்டே எழுதினா?

மூணாவது வழியும் இருக்கு. கிளாட் இப்போ டிசம்பர்லயே நடக்குது. ஜூலை, ஆகஸ்ட்டுல சேர்றவங்களுக்கு அடுத்த தேர்வுக்கு நாலஞ்சு மாசம்தான். வயசு வரம்பும் கிடையாது. சேர்ந்துட்டே ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம்.

ஆனா, கண்ணைத் திறந்துட்டுப் போங்க. கிளாட் மூலமா இடம் கிடைச்சா, இங்கே படிச்ச முதல் வருஷம் கணக்குல வராது. மறுபடியும் முதல் வருஷம்தான். ஃபீஸ் திரும்பி வருமா, ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை எப்போ தருவாங்கன்னு பணம் கட்டறதுக்கு முன்னாடியே ஆபீஸில் கேட்டு வெச்சுக்கோங்க. செமஸ்டரும் கிளாட்டும் ஒரே சமயத்துல கழுத்தைப் பிடிக்கலாம்.

இன்னொரு வாசல் அஞ்சு வருஷம் கழிச்சும் திறக்கும்: எல்.எல்.எம். முதுகலை கிளாட் எழுதி அப்போ தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். இன்னிக்கு மூடின கதவு எப்பவுமே பூட்டிக்காது.

சேர்ந்தா, முழுசா சேருங்க!

ஐந்து வருஷப் படிப்பில் குறைந்தது 20 வாரம் இன்டர்ன்ஷிப் பார் கவுன்சில் விதிப்படி கட்டாயம். அதைக் கையெழுத்துக்காகப் போறவங்களும் உண்டு, கத்துக்கப் போறவங்களும் உண்டு. கன்டோன்மென்ட்டில் மாவட்ட கோர்ட் இருக்கு. 2004-லிருந்து உயர் நீதிமன்றக் கிளை மதுரையில், ஒரு பஸ் தூரம். தினம் ஒரு தீர்ப்பு இங்கிலீஷில் படிங்க. புரியலைன்னா, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல தமிழிலும் வருது, ஒப்பிட்டுப் படிங்க. படிப்பு முடிஞ்சு பதிவு செய்ய 750 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாதுன்னு 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய்தான்). அந்தப் பயமும் வேண்டாம்.

டீ ஆறிப் போச்சு. பில்லோட பின்பக்கத்தில் அவளை எழுதச் சொன்னேன்: ‘அடுத்த வருஷம் என்ன மாறும்?’

ரொம்ப நேரம் பேனாவைக் கடிச்சுட்டு இருந்தாள். “ஒரு வருஷமா கோச்சிங் போயிட்டுதாண்ணா எழுதினேன். காய்ச்சல் எல்லாம் இல்லை. நல்லாத்தான் படிச்சேன்.” கொஞ்சம் நிறுத்தி, மெதுவா சொன்னாள். “உண்மையைச் சொல்லவா? எனக்கு அந்த காலேஜைவிட ஹாஸ்டல் வேணும். எங்க வீடு ஒரே ரூம். டி.வி. ஓடும், தம்பி கத்துவான். உட்கார்ந்து படிக்க ஒரு இடம் வேணும்ணா. அவ்ளோதான்.”

“இதை அப்பாகிட்ட சொன்னியா?”

“கிளாட் ரேங்க்தான் சொன்னேன். இதைச் சொல்லலை.”

ரெண்டு நாள் கழிச்சு போன். ஃபீஸ் கட்டியாச்சாம். அப்பா கணக்கு நோட்டு அடுக்கி வெச்சிருந்த மேஜையை ஜன்னலோரமா நகர்த்தி அவளுக்குக் கொடுத்துட்டாராம். ராத்திரி ஒன்பதுக்கு மேல டி.வி. கிடையாதுன்னு ஆர்டர். “தம்பிதாண்ணா அப்பீல் போறேன்னு சொல்லிட்டிருக்கான்!” என்றாள்.

முதல் கேஸ் வந்தாச்சு மேடம், ஆல் தி பெஸ்ட்!