விசிட்டுக்கு 300 ரூபாய் லாபமா நஷ்டமா? சைடுல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவங்களுக்கான கணக்கு

பட்டுச் சேலைக்குப் பேர் போன ஆரணி இல்லைங்க. திருவள்ளூர் மாவட்டத்துல, பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் நடுவுல, ஆரணியாற்றங்கரையில இருக்கிற ஆரணி. நீங்க அந்தப் பக்கத்துல இருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போறவரா? கம்ப்யூட்டரும் கொஞ்சம் கைவந்த வேலையா? அப்படின்னா இந்த போன் உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும்: "தம்பி, பில்லிங் சிஸ்டம் ஆன் ஆகல, சாயந்திரம் கொஞ்சம் பாத்துட்டுப் போப்பா."

கூப்பிடுறது லேத் பட்டறை, அரிசி மண்டி, ஹார்டுவேர் கடைன்னு சின்னச் சின்ன இடங்கள்தான். போறீங்க, சரி பண்றீங்க. "எவ்வளவுப்பா?"ன்னு கேட்டதும் வாயில வர்றது, "ஒரு 300 குடுங்கண்ணே." அந்த 300 எங்கேயிருந்து வந்தது?

பெரும்பாலும் சம்பளத்துல இருந்துதான். மாசம் 25,000 ரூபாய் சம்பளம், 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம்னு வெச்சா மணிக்கு 120 ரூபாய் வரும். ஒண்ணரை மணி நேர வேலைக்கு 300 கிடைச்சா லாபம்னுதான் தோணும். ஆனா முழுக் கணக்கையும் போடுங்க. கும்மிடிப்பூண்டி போக வர 30 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம். பெட்ரோலும் வண்டித் தேய்மானமும் சேர்ந்து 100 ரூபாய். பயணம் ஒரு மணி நேரம், வேலை ஒண்ணரை மணி நேரம். மறுநாள் "பிரிண்டர் மட்டும் வரல"ன்னு போன்ல அரை மணி நேரம். "ஞாயித்துக்கிழமை வாங்கிக்கோப்பா"ன்னு சொன்ன காசை வாங்க இன்னொரு அரை மணி நேரம். ஆக மூணரை மணி நேரத்துக்குக் கையில நின்னது 200 ரூபாய். மணிக்கு 57. கம்பெனியில வாங்குறதுல பாதி கூட இல்ல! கம்பெனியில பி.எஃப். பங்கு போடுறாங்க, லீவுக்கும் சம்பளம் தர்றாங்க. இங்க அதெல்லாம் கிடையாது.

அதனால கணக்கைத் தலைகீழாப் போடணும். வாரத்துக்கு 12 மணி நேரம் ஒதுக்க முடியும்னா மாசத்துக்குக் கிட்டத்தட்ட 50 மணி நேரம். அதுல பாதி பயணத்துலயும் போன்லயும் போயிடும். காசு வாங்கக்கூடிய நேரம் 25 மணிதான். மாசம் 12,000 கையில நிக்கணும். பெட்ரோல், டேட்டா, டூல்ஸ், கையிருப்புக்கு ஒரு ஹார்டு டிஸ்க்னு செலவு 3,000. மொத்தம் 15,000. அதை 25-ஆல வகுத்தா மணிக்கு 600 ரூபாய். இதுதான் உங்க குறைஞ்சபட்ச ரேட். உங்க சம்பளமும் நேரமும் வேற மாதிரி இருந்தா எண்களை மாத்திக்கோங்க, முறை இதேதான்.

இப்ப ஒண்ணரை மணி நேரத்துக்கு 900 ரூபாய்னு சொல்லிப் பாருங்க, ஓனர் அண்ணன் முகம் மாறும். அவரைக் குறை சொல்ல முடியாது. உங்க மணி நேரத்தைப் பத்தி அவருக்கு என்ன கவலை? அவர் கவலை வேற.

கேட்டுல லோடு வண்டி நிக்குது. சரக்கு ஆந்திராவுக்குப் போகணும். மாநிலம் தாண்டுற சரக்கு மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல இருந்தா இ-வே பில் வேணும். சிஸ்டம் படுத்தா பில் இல்ல, பில் இல்லாம வண்டி நகராது. மாசா மாசம் ஜிஎஸ்டி தாக்கல் பண்றவங்களுக்கு 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி. 19-ம் தேதி ராத்திரி டேலி டேட்டா போச்சுன்னா நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ. கட்ட வேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி வேற. அவருக்கு வேண்டியது ரிப்பேர் இல்லைங்க, நிக்காம ஓடுற சிஸ்டம்.

விசிட் ரேட்டோட உண்மையான கோளாறு இங்கதான் இருக்கு. நீங்க நல்லா வேலை பாத்து, பேக்கப் எடுத்து வெச்சு, சிஸ்டம் படுக்காமப் பாத்துக்கிட்டா உங்களுக்கு வருமானமே வராது! அரைகுறையா வேலை பாக்கிறவருக்குத்தான் மறுபடியும் மறுபடியும் 300 கிடைக்கும்.

மாசக் கணக்குக்கு மாறுங்க

ஒரு பட்டறையில 5 சிஸ்டம்னு வெச்சுக்குவோம். சிஸ்டத்துக்கு 500 வீதம் மாசம் 2,500 ரூபாய். அதுக்குள்ள மாசம் ஒரு தடவை நேர்ல போய் 2 மணி நேரம். எனிடெஸ்க் மாதிரி ரிமோட்ல 1 மணி நேரம். டேலி பேக்கப் நிஜமாவே திறக்குதான்னு சோதிக்கிறது இந்த 3 மணி நேரத்துக்குள்ளயே வரணும். (பேக்கப் எடுக்கிறவங்க நிறைய, திறந்து பாக்கிறவங்க கம்மி.) 600 வீதம் 3 மணி நேரத்துக்கு 1,800 ஆச்சு. மீதி 700? அவசரம்னா முதல்ல உங்களுக்குத்தான் வருவேன்னு கொடுக்கிற வாக்குக்கான விலை அது. கூடுதல் விசிட் தேவைப்பட்டா தனி ரேட், அதை முதல்லயே சொல்லிடுங்க.

இப்படி 6 இடம் கிடைச்சா மாசம் 15,000. காசு வாங்குற நேரம் 18 மணிதான், மீதி 7 மணி நேரம் அவசரத்துக்கு இருக்கு. ஏழாவது இடம் வந்தா யோசிச்சு ஏத்துக்கோங்க. நேரம் ரப்பர் இல்ல.

ஒரு விஷயத்தை மறைக்காதீங்க: நீங்க வேலைக்குப் போறவர். காலைல 11 மணிக்குக் கூப்பிட்டா போக முடியாது. ஷிப்ட் நேரத்தைச் சொல்லி, எப்ப நேர்ல வருவீங்க, எப்ப ரிமோட்னு எழுதிக் குடுங்க. முழு நேர சர்வீஸ்காரர் ரேட்டை விட உங்க ரேட் கொஞ்சம் குறைவா இருக்க அது ஒண்ணுதான் நியாயமான காரணம். அதோட உங்க வேலை ஆர்டரையும் ஒரு தடவை படிச்சிடுங்க. போட்டிக் கம்பெனிகளுக்கு வேலை பாத்தாங்கன்னு 2022-ல விப்ரோ 300 பேரை அனுப்பினது ஞாபகம் இருக்கும்.

பொருளுக்குத் தனி பில். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின எஸ்எஸ்டி-க்கு ரெட்டிப்பு விலை போட்டா ஓனர் போன்லயே அமேசான் விலையைப் பாத்துடுவார். வாங்கின பில்லை அப்படியே குடுங்க, அலைச்சலுக்குக் கூலியை வெளிப்படையாக் கேளுங்க. "கிராக் விண்டோஸ் போட்டுக் குடுப்பா"ன்னு கேட்டா மறுத்துடுங்க. திருட்டு நகல்னு தெரிஞ்சே சாஃப்ட்வேர் பயன்படுத்தினா பதிப்புரிமைச் சட்டப்படி 7 நாள்ல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000-ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். 500 ரூபாய்க்கு அந்த வம்பு உங்களுக்கு எதுக்கு?

காசு வசூல், வரி

உத்யம் பதிவு இலவசம், ஆன்லைன்லயே முடிஞ்சிடும். பதிவு பண்ணின குறுந்தொழிலுக்கு, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைக்குள்ள பணம் தரணும். ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள். அதை மீறினா, பணம் தர்ற வருஷம் வரைக்கும் அந்தச் செலவை அவங்க வரிக் கணக்குல கழிக்க முடியாது. இதைச் சண்டையாச் சொல்ல வேண்டாம், பில்லுல உத்யம் நம்பரைப் போட்டாலே அவங்க ஆடிட்டர் பாத்துக்குவார்.

சர்வீஸ் வருமானம் வருஷம் 20 லட்சத்தைத் தாண்டாத வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்ல. உங்க சம்பளம் இந்தக் கணக்குல சேராது. பதிவு இல்லாம பில்லுல ஜிஎஸ்டி போட்டு வசூலிக்கக் கூடாது. வருமான வரிக்கு இத்தனை நாள் ஐடிஆர்-1 போட்டிருப்பீங்க. தொழில் வருமானம் வந்துட்டா அது செல்லாது, ஐடிஆர்-3 அல்லது 4 போடணும்.

முதல் கஸ்டமரை எப்படிப் பிடிக்கிறது? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான சப்போர்ட்டை 2025 அக்டோபர் 14-ஓட நிறுத்திடுச்சு. பழைய சிஸ்டம் பலதுல விண்டோஸ் 11 ஏறாது. "எந்த சிஸ்டம் தாங்கும், எதை மாத்தணும்னு பாத்து ஒரு பக்கத்துல எழுதித் தர்றேன், 1,500 ரூபாய், மாச ஒப்பந்தம் போட்டா அதைக் கழிச்சுக்கலாம்"னு கேட்டுப் பாருங்க. ஏற்கெனவே 300 குடுத்துப் பழகின அண்ணன்கிட்ட ஆரம்பிக்காதீங்க. புது இடத்துல புது ரேட்டைச் சொல்லுங்க, பழைய இடங்களுக்கு ஏப்ரல்ல இருந்து மாத்திக்கலாம்.