பினாங்குத் தீவில் நாசி கண்டார்

மலேசிய நாட்டிற்கு முதன்முறையாக விடுமுறைப் பிரயாணஞ் செய்த நாங்கள், பத்து பெரிங்கி கடற்கரையிற் காலைப்பொழுதை இன்புறக் கழித்து, நண்பகலில் ஜார்ஜ் டவுன் நகரை அடைந்தோம். 1786-ஆம் ஆண்டில் பிரான்ஸிஸ் லைட் என்பார் நிறுவிய இந்நகரம், 2008-ல் மலாக்காவுடன் உலகப் பாரம்பரியத் தலமாயிற்று.

அங்கே எம் பசியை ஆற்றியது 'நாசி கண்டார்' என்னும் உணவு. அப்பெயரின் பொருள் யாதெனில், மலாய் மொழியில் நாசி என்பது சோறு. கண்டார் என்பது தோளிற் சுமக்குங் காவுதடி. முற்காலத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர், தடியின் ஒருபுறஞ் சோறும் மறுபுறங் குழம்புமாகத் தெருத்தெருவாய்ச் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்க்கு விற்றனர். பல குழம்புகளை ஒரே சோற்றின்மேற் கலந்து ஊற்றுவது இதன் சிறப்பு.

பெயர்ப்பொருளைக் கேளாதிருந்தோமாயின், ருசியை மட்டுமே அறிந்து மீண்டிருப்போம். கடல் கடந்து சென்ற நம்மவர் பட்ட பாட்டை அறிந்திரோம்.