பறக்கும் தட்டை மறைத்தார்களா?

மாலையில் மதுரைத் தெப்பக்குளப் படியில் உட்கார்ந்து மேற்கே பார்த்திருக்கிறீர்களா? சில மாதங்களில் அங்கே விளக்குப் போல ஒன்று ஜொலிக்கும். அதுதான் வெள்ளி. நம் பாட்டிமாருக்குக்கூடத் தெரிந்த கிரகம்.

அந்த வெள்ளி நம் ராணுவத்தையே திணறடித்திருக்கிறது!

2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் மர்ம ஒளிகள் தெரிந்தன. 329 முறை பார்த்ததாக வீரர்கள் குறித்தார்கள். சீனாவின் ஆளில்லா வேவு விமானமோ என்று சந்தேகம். எல்லையில் துப்பாக்கி ஏந்தி நிற்பவர்களுக்கு அது விளையாட்டல்லவே! வெளியிலோ, "பறக்கும் தட்டு" என்று பேச்சு.

கடைசியில் வான ஆராய்ச்சி நிபுணர்களிடம் கேட்டார்கள். நமக்குப் பக்கத்தில், கொடைக்கானல் மலைமேல் உள்ள வான ஆராய்ச்சி நிலையத்தை நடத்தும் நிறுவனத்தார்தான் அவர்கள். பதில் என்ன தெரியுமா? ஒன்று வெள்ளி, மற்றொன்று வியாழன்!

அப்படியானால் அரசாங்கங்கள் எதையுமே மறைப்பதில்லையா? மறைத்ததுண்டு. 1947-ல் அமெரிக்காவில், ராஸ்வெல் ஊருக்கு அப்பால் ஏதோ விழுந்து சிதறிக் கிடந்தது. "பறக்கும் தட்டு" என்று ராணுவமே அறிவித்தது. உடனே மாற்றி, "வானிலை பலூன்" என்றது. உண்மையில் அது ரஷ்யாவின் அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்க விட்ட ரகசிய பலூன். விமானப்படை இதைச் சொன்னது 1994-ல்.

அதற்குள், வேற்றுக் கிரகத்தாரின் சடலங்களையே பார்த்ததாகச் சொல்பவர்களும் அங்கே கிளம்பிவிட்டார்கள்.