உங்களுக்குத் தெரியுமா? சிந்தெடிக் ஆயில் சங்கதிகள்

■ கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் மினரல் ஆயிலில் மூலக்கூறுகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கும். சிந்தெடிக்கில் அவை ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் கடும் சூட்டிலும் சீக்கிரம் கெடாது. குளிரிலும் எளிதில் இறுகாது.

■ அமெரிக்காவில் கார்களுக்கான சிந்தெடிக் ஆயிலை ஆம்சாயில் 1972-லும், மொபில் 1974-லும் சந்தைக்குக் கொண்டுவந்தன.

■ டப்பாவில் ‘5டபிள்யூ-30’ என்றிருந்தால், முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டும்; அடுத்தது எஞ்சின் சூடானபின் அதன் தடிமனை. வண்டியின் கையேடு சொல்லும் கிரேடுதான் சரி. விலை கூடினால் நல்லது என்றில்லை.

■ பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச்சும் எஞ்சின் ஆயிலில்தான் ஊறிக் கிடக்கிறது. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். லேபிளில் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ இருக்கிறதா என்று பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு ‘எம்பி’.

■ ஆயில் கறுத்தாலே கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கரியையும் அழுக்கையும் ஓரிடத்தில் படியவிடாமல் தன்னுள் மிதக்க வைப்பது அதன் வேலை.

■ ‘10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம்’ என்று கையேட்டில் இருந்தால், எது முந்துகிறதோ அதுவே கணக்கு. மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் காருக்கு இன்னும் முன்னதாகவே மாற்றுவது நல்லது. எஞ்சின் முழுதாகச் சூடேறாததால் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். மாற்றும்போது ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள்.