தொட்டியில் முளைக்கும் பருப்புக்கீரை: பச்சையாகவும் தின்னலாம்! பால் வந்தால் தொடாதீங்க!

சென்னையில் மாடி வீடு, ஒண்டுக்குடித்தனம் என்ற பேதமில்லாமல் பூந்தொட்டிகளில் அழையா விருந்தாளியாக முளைக்கிறது ஒரு செடி. சிவந்த தண்டு, தடித்த சின்ன இலை. "சனியன், களை!" என்று பிடுங்கித் தெருவில் எறிகிறார்கள். எறிவது களை அல்ல. கீரைக்காரம்மாவிடம் காசு கொடுத்து வாங்கும் அதே பருப்புக்கீரை!

பத்து மணிப் பூச்செடிக்கு இது நெருங்கிய சொந்தம். பருப்போடு சேர்த்துக் கடைவதுதான் நம்ம ஊர் வழக்கம். கிரீஸ், துருக்கி, லெபனான் நாடுகளில் இதற்கு அடுப்பே பற்ற வைக்காமலும் சாப்பிடுகிறார்கள். வெள்ளரிக்காய், தக்காளியோடு பச்சையாக நறுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்தால் சாலட் தயார். தயிரில் போட்டால் நம்ம பச்சடி!

காலையில் புளிப்பு

வளர்ப்பது சுலபம். அடியில் ஓட்டை போட்ட பழைய டப்பா, மணல் கலந்த மண், நல்ல வெயில் போதும். வாங்கிய கட்டிலிருந்து விரல் நீளத் தண்டு ஒன்றை ஊன்றினாலே வேர் பிடிக்கும். விதை என்றால் மேலாகத் தூவணும்; மண் போட்டு மூடினால் முளைக்காது. தண்ணீர் தேங்கக் கூடாது. சுமார் ஒரு மாதத்தில் நுனி கிள்ளலாம். கிள்ளக் கிள்ளத் தழைக்கும்.

இதில் ஒரு வேடிக்கை! தண்ணீர் குறைந்தால் இந்தச் செடி ராத்திரியில் கரியமில வாயுவை இழுத்து, அமிலமாகச் சேர்த்து வைக்கும். பகல் வெளிச்சத்தில் அதைச் செலவழிக்கும். அதனால் விடிகாலையில் பறித்தால் புளிப்பு தூக்கல். ஆபீஸ் விட்டு வந்து பறித்தால் புளிப்பு குறைவு.

உஷார்!

தரையோடு படரும் வேறொரு செடியும் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும். அதன் தண்டைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை. தூக்கி எறியுங்க, கையைக் கழுவுங்க. பருப்புக்கீரையின் பூ மஞ்சள். வெளிர் ரோஜா நிறப் பூ என்றால் அது சாரணை.

சும்மா கிடைக்கிறதே என்று சாக்கடை ஓரம், ரயில் பாதை ஓரம் பறிப்பது ஆபத்து. மண்ணில் உள்ள ஈயத்தைக் கீரை உறிஞ்சிக்கொள்ளும். எத்தனை தடவை அலசினாலும் அது போகாது. வீட்டுத் தொட்டிக் கீரையையும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிய பிறகே பச்சையாகச் சாப்பிட வேண்டும்.

இந்தக் கீரையில் ஆக்சாலிக் அமிலம் அதிகம். தயிரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் ஒரு பகுதியைக் கட்டிப்போடும், முழுவதையும் அல்ல. சிறுநீரகத்தில் கல் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் கை வைக்கவே கூடாது.